விரல்களின் கணக்கு

நட்டஈடு என்ற சொல்லில் இரண்டு பாகங்கள் உண்டு. நட்டம் என்பது போனது. ஈடு என்பது போனதற்குச் சமமானது. பொருள் போனால் ஈடு காண்பது ஓரளவு இலகு. புறக்கோட்டையில் ஒரு கடை எரிந்தால் சரக்குக்குப் பற்றுச்சீட்டு இருக்கும். ஒரு மனிதனின் கையோ காலோ உயிரோ போனால் அதற்குச் சமமானது எது? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் இதற்குப் பணத்தில் விடை சொல்ல முயன்று வந்திருக்கிறார்கள். நான் சட்டத்தரணி அல்லன். சரித்திரத்தில் நாட்டமுள்ள ஒரு வாசகன் என்ற அளவிலேயே இதை எழுதுகிறேன்.

என்னை இவ்விடயத்தின் பக்கம் திருப்பியது உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி வழங்கிய தீர்ப்பு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் நம் சமூகம் பட்ட பாட்டையும், அந்தக் கொலைகாரர்கள் நம் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்ததால் நாம் குனிந்த தலையையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், அக்காலப் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளரும் தலா ஏழரைக் கோடியும், பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் 5 கோடியும், தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்தவர் 1 கோடியும் தமது சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. அரசின் பங்கு 10 இலட்சம். மொத்தம் 31 கோடியே 10 இலட்சம்.

இத்தொகை எந்தத் தனி மனிதரின் வருமானத்தையும் கணக்கிட்டு வந்ததல்ல. அடிப்படை உரிமை வழக்கில் நீதியும் ஒப்புரவும் எனத் தோன்றுவதை விதிக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால், பணம் ஒரு நிதியத்தில் சேர்ந்து குடும்பங்களுக்குப் பங்கிடப்பட வேண்டிய கட்டத்தில் பழைய கேள்வி திரும்பவும் எழுகிறது. எந்த உயிருக்கு எவ்வளவு?

கொச்சிக்கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது புதுக்கடை. அதன் மற்றப் பெயரான ஹல்ஸ்டோர்ப், 1656இல் கொழும்பு முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் வந்தது. ஒல்லாந்தர் 1796இல் போனார்கள். அவர்களது சட்டம் போகவில்லை. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் அதனைத் தொடர அனுமதித்தனர். காயப்பட்ட ஒருவர் இன்று மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்குக்கு அடிப்படை உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் ‘அக்குவிலிய வழக்கு’. அதன் மூலம் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமச் சட்டம். அச்சட்டம் முதலில் பேசியது அடிமைகளைப் பற்றியும் கால்நடைகளைப் பற்றியுமே. ஒருவனின் அடிமையை மற்றொருவன் அநியாயமாகக் கொன்றால், முந்திய ஓராண்டில் அந்த அடிமைக்கிருந்த அதியுயர் விலையை எசமானனுக்குக் கொடுக்க வேண்டும். அடிமைக்குச் சந்தை இருந்தது. ஆகவே விலையும் இருந்தது.

சுதந்திர மனிதனுக்கு என்ன செய்வது? மாடியிலிருந்து எறியப்பட்ட பொருளால் காயப்பட்டவனைப் பற்றி காயுஸ் என்ற சட்ட அறிஞர் இரண்டாம் நூற்றாண்டில் எழுதியது, பின்னர் ஜஸ்டீனியனின் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. வைத்தியருக்குக் கொடுத்ததைக் கணக்கிடு. இழந்த உழைப்பைக் கணக்கிடு. இனி இழக்கப்போகும் உழைப்பையும் கணக்கிடு. தழும்புக்கும் உருக்குலைவுக்கும் எதுவும் கணக்கிடாதே. காரணம், சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை மதிப்பு இல்லை. உயர்ந்த கருத்துத்தான். ஆனால் அதன் விளைவு விசித்திரமானது. உடல் விலைமதிப்பற்றது என்பதால் அதற்கு எதுவும் கிடைக்காது. சம்பாத்தியத்துக்கு மட்டுமே கிடைக்கும். உடல் நோவுக்கு ஈடு கேட்கும் உரிமை, உரோமரிடமிருந்தன்றி ஒல்லாந்து நாட்டு வழமையிலிருந்தே பிற்காலத்தில் சேர்ந்தது. இறந்தவனின் குடும்பத்துக்கான கணக்கை 1625இல் குரோஷியஸ் தெளிவாக எழுதினார். அவன் தாங்கி வந்த பெற்றோர், மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு, அவனது வயதைக் கவனித்து, அந்த ஆதரவின் எதிர்பார்ப்புப் பெறுமதியைக் கொடுக்க வேண்டும். இன்றும் புதுக்கடையில் நடப்பது இதுதான்.

இப்போது நமது கிதாபுகளின் பக்கம் வருவோம். தியத் இலங்கையில் சட்டமன்று. இங்கே முஸ்லிம் சட்டம் விவாகம், வாரிசுரிமை போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. எனினும், கணக்கு முறை என்ற வகையில் அதை ஆராய்வது பயனுள்ளது. தவறுதலாக நேர்ந்த கொலைக்குத் தியத் நூறு ஒட்டகங்கள். ஒரு கைக்குப் பாதி, ஒரு கண்ணுக்குப் பாதி, ஒவ்வொரு விரலுக்கும் பத்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஐந்து. காயப்பட்டவன் வணிகனா கூலியாளனா என்று இந்தப் பட்டியல் கேட்பதில்லை.

இமாம் ஷாஃபிஈ தமது ‘ரிஸாலா’வில் ஒரு செய்தியைச் சொல்கிறார். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் முதலில் விரல்களை அவற்றின் உபயோகத்துக்கேற்பப் பிரித்துத் தீர்ப்பளித்தார்கள். பெருவிரலுக்குப் பதினைந்து, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் பத்துப் பத்து, மோதிர விரலுக்கு ஒன்பது, சின்னவிரலுக்கு ஆறு. கூட்டிப் பார்த்தால் ஐம்பது, அதாவது ஒரு கை. கணக்கில் பிசகில்லை. ஆனால், அம்ர் இப்னு ஹஸ்மின் குடும்பத்தாரிடம் இருந்த நபி (ஸல்) அவர்களின் கடிதத்தில் ஒவ்வொரு விரலுக்கும் பத்து என்றிருப்பது தெரியவந்ததும் அந்தப் பகுப்பு கைவிடப்பட்டது. ஷாஃபிஈ இதை ஹதீஸின் அதிகாரத்தை நிறுவவே எடுத்துக்காட்டுகிறார். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. உபயோகத்தை அளக்கும் கணக்கும், எல்லாருக்கும் ஒரே அளவு என்ற கணக்கும் நேருக்கு நேர் நின்ற ஒரு தருணம் அது.

இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். பட்டியலில் அடங்காத காயங்களுக்கு ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரு வழி வைத்திருந்தனர். காயப்பட்டவனை அடிமையெனப் பாவித்து, காயத்துக்கு முன்னும் பின்னும் அவனது விலை என்னவாக இருக்கும் எனப் பார்த்து, அந்த வித்தியாசத்தின் விகிதத்தைத் தியத்தில் கொடுப்பது. உரோமரும் அறபிகளும் ஒரே அளவுகோலையே கையிலெடுத்திருக்கிறார்கள். அடுத்து, பெண்ணின் தியத்தைப் பாதியாகவே நான்கு மத்ஹபுகளும் வைத்தன. பட்டியலின் சமத்துவத்தைப் புகழும் நாம் இதை மறைத்துவிட்டுப் பேச முடியாது.

இயந்திரங்கள் வந்தபின் உலகம் முழுவதும் பட்டியல் முறை புதுவடிவம் எடுத்தது. கொழும்புத் துறைமுகத்தின் முதல் அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. மூட்டை சுமப்போரும் வள்ளத் தொழிலாளரும் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் குடியேறினர். தெற்கே வெள்ளவத்தையில் நூற்பு நெசவாலை எழுந்தது. 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அடுத்த ஆண்டு, பெரி. சுந்தரம் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. பிழை யாருடையது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது விபத்து நேர்ந்தால் போதும். அங்கத்துக்கு விகிதம், சம்பளத்துக்குத் தொகை.

இதே வழியில் இந்தியாவில் 1923இல் வந்த சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். வலக்கை முழங்கைக்கு மேல் போனால் நூற்றுக்கு 70, இடக்கை 60. பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, ஏனைய விரல் 5. உமர் (ரழி) அவர்கள் கைவிட்ட பகுப்பு, பதின்மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் ஆலைத் தொழிலாளியின் கையில் திரும்ப வந்துவிட்டது! இலங்கைச் சட்டத்தில் உச்சவரம்பும் உண்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா; 2022இல்தான் 20 இலட்சமாயிற்று.

உச்சவரம்பில்லாத அக்குவிலிய வழக்கில் கணக்கு எப்படி நடக்கிறது? கொட்டாஞ்சேனையில் குடியிருந்து புறக்கோட்டையில் மூட்டை தூக்கிய முப்பத்தைந்து வயது நாட்டாமி ஒருவர் லொறி மோதி இறந்தார் எனக் கற்பனை செய்வோம். மாத உழைப்பு 60,000 ரூபா. அவரது சொந்தச் செலவு மூன்றில் ஒன்றெனக் கழித்தால் குடும்பத்துக்குப் போனது 40,000; ஆண்டுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். அறுபது வயது வரை இருபத்தைந்து ஆண்டுகள். ஆகவே 1 கோடி 20 இலட்சம். ஆனால் இத்தொகை அப்படியே கிடைக்காது. மொத்தப் பணத்தை இன்றே கொடுத்தால் விதவை அதை வட்டிக்கு இட்டு வாழலாம் என்பது வாதம். நூற்றுக்கு 8 வட்டியென வைத்தால் 1 கோடி 20 இலட்சம் ஏறத்தாழ 51 இலட்சமாகச் சுருங்கும். நூற்றுக்கு 5 என்றால் ஏறத்தாழ 67 இலட்சம். மூன்று வீத வித்தியாசத்தில் ஒரு குடும்பம் 16 இலட்சம் இழக்கிறது. நோய், வேலையின்மை போன்ற வாழ்க்கையின் நிச்சயமின்மைகளுக்காகவும் ஒரு கழிவு உண்டு.

இங்கே நம்மவருக்கென்று ஒரு முடிச்சு விழுகிறது. அந்த விதவை வட்டி ஹராம் என்று நம்புகிறவர். வாங்கமாட்டார். வாங்காத வட்டிக்காக அவருடைய ஈடு குறைக்கப்படுகிறது! 2011இல் அமானா வங்கி தொடங்கிய பின்னர் இலாபப் பங்கீட்டு வைப்புகள் உண்டு என்று விடை சொல்லலாம். ஆனால், பங்கீடு என்பது முன்கூட்டி நிச்சயிக்கப்பட்ட வீதமன்று. கணக்கோ நிச்சயமான வீதத்தை எடுத்துக்கொள்கிறது. இதைவிடப் பெரிய அடியைப் பணவீக்கம் கொடுத்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி ஓராண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 ஏறியிருந்தது. அதற்கு முன் பெற்ற எந்தத் தீர்ப்புத் தொகையும் அரிசிக் கடையில் பாதியளவே பெறுமதியானது.

கணக்குக்குள் வராதவர்களின் கதை இன்னும் கடினமானது. கொழும்பில் 1992இல் ஒரு சிறுமி இறந்தது குறித்துத் தந்தையார் வைத்தியர் மீது தொடுத்த வழக்கு சட்டத்துறையினர் நன்கறிந்தது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெருமளவு குறைத்தது. கவனயீனத்துக்கும் மரணத்துக்குமான தொடர்பு நிறுவப்படவில்லையென 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளியது. அந்த வழக்கு ஒன்றை வெளிச்சமாக்கியது: பழைய சட்டப்படி துக்கத்துக்கு ஈடில்லை, சம்பாதிக்காத பிள்ளையின் மரணத்தில் ‘பொருளாதார இழப்பு’ மிகச் சொற்பம். இக்குறையை நீக்க 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பராமரிப்பையும் துணையையும் இழந்தமைக்கும் மனவேதனைக்கும் குடும்பத்தினர் நட்டஈடு கோர அது இடமளிக்கிறது.

வீட்டிலிருக்கும் பெண்ணின் உழைப்பை அளப்பதில் இந்திய உச்ச நீதிமன்றம் 2001 தொடக்கம் பல தீர்ப்புகளில் முன்னேறியிருக்கிறது. சம்பளமில்லை என்பதால் பெறுமதியில்லை என்ற வாதத்தை 2010இலும் 2021இலும் அது உறுதியாக மறுத்தது. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று வயதுக்கேற்ற பெருக்கெண்களை நிர்ணயித்ததால் ஒரே மாதிரியான வழக்குகளில் வெவ்வேறு தொகைகள் வருவதும் குறைந்தது. 2010இல் வந்த மற்றொரு தீர்ப்பு, இடக்கையை இழந்த தச்சனின் நட்டமும் எழுதுவினைஞரின் நட்டமும் ஒன்றல்ல என்றது. உபயோகக் கணக்கின் நியாயம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

மீண்டும் கொச்சிக்கடைக்கு வருவோம். வருமானக் கணக்கை மட்டும் பிடித்தால், அன்று நட்சத்திர ஹோட்டலில் மாண்ட ஒரு வெளிநாட்டவரின் ஈடு, ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு நாட்கூலியாளரின் ஈட்டைப் போலப் பல மடங்காகும். இந்தச் சங்கடம் அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் 11க்குப் பின்னர் வெளிப்பட்டது. நிதியத்தை நிர்வகித்த கெனத் ஃபைன்பேர்க், ஒவ்வொரு மரணத்துக்கும் இரண்டரை இலட்சம் டொலரைச் சமமாக வைத்து, தங்கிவாழ்வோர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலட்சம் சேர்த்து, அதன்மேல் வருமான இழப்பைக் கூட்டினார். மரணத்துக்கான ஈடு இரண்டரை இலட்சத்திலிருந்து எழுபது இலட்சம் டொலருக்கு மேல் வரை சென்றது. வேலை முடிந்தபின், இனியொருமுறை இப்படி நேர்ந்தால் எல்லாருக்கும் சம தொகையே கொடுக்க வேண்டுமென்று அவரே எழுதினார்.

என் கருத்து அவ்வளவு தூரம் போகாது. உழைத்தவர் போனால் உலை எரியாத வீட்டுக்கு வருமானக் கணக்கு தேவை. ஆனால், அதற்கு அடியில் எல்லா உயிருக்கும் பொதுவான ஓர் அளவு இருக்க வேண்டும். அதில் ஆணென்றும் பெண்ணென்றும் பிள்ளையென்றும் பேதம் கூடாது. பத்து ஒட்டகம் எல்லா விரலுக்கும் என்ற விதியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த அளவைத்தான்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. நாட்டாமிக்கும் நடைபாதை வியாபாரிக்கும் வீட்டிலிருந்து இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் பெண்ணுக்கும் சம்பளச் சீட்டு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தொடுக்க வேண்டும் என்ற காலவரையறை வேறு இருக்கிறது. மையித்தை அடக்கிவிட்டுக் ‘கத்ர்’ என்று பொறுத்துக்கொள்ளும் குடும்பம், உழைப்புக்குச் சாட்சி தேடும்போது காலம் கடந்திருக்கும். ஒரு சாதாரணக் கொப்பியில் நாளாந்த வரவை எழுதி வைப்பது அவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்தாகலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு நமக்கு ஏற்கெனவே கட்டளை உண்டு. உழைப்பையும் எழுதி வைக்கப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் சொல்லிக்கொடுத்தால் நல்லது.