பாலை தந்த நிலவாகை

நெல்லைச் சீமையின் பெருமையைப் பேசப் புகும் நாம் தாமிரபரணியில் தொடங்கி நெல்லில் முடித்துவிடுகிறோம். சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களைக் காண்போர்க்கு அது முறையென்றே தோன்றும். ஆயின், ஆற்று நீர் ஏறாத மேட்டு நிலமும் இச்சீமையில் உண்டு. அப்புன்செய் ஈன்ற ஓர் இலையே திருநெல்வேலியின் பெயரை உலக மருந்துக் கடைகளுக்குக் கொண்டு சென்றது. அதுவே நிலவாகை, நிலாவாரை என்றும் வழங்குவர்.

ஆவாரைக்கு உறவான இச்செடி அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. மஞ்சள் மலர் பூப்பது. அரபு நாட்டின் தென்பகுதியிலும் சூடான் முதலிய ஆப்பிரிக்க வறள் நிலங்களிலும் தானே முளைத்துத் தழைப்பது. அரபு மக்கள் இதனைச் 'சனா' என்றனர். திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளின் மருத்துவப் பகுதிகள் இதனைக் குறிப்பிடுகின்றன. அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, அச்சொல் 'சென்னா' என ஐரோப்பா புகுந்தது. தமிழ் மருத்துவரோ 'சூரத்து நிலாவாரை' என்றனர். கடல் வணிகத்தின் சுவடு அவ்வடைமொழியில் தங்கியிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஹியூஸ் என்னும் வணிகர் இதனைப் பயிரிட்டு ஏற்றுமதிக்கு வழி கண்டார். இலைப் பொதிகள் தூத்துக்குடியில் கப்பலேறின. எகிப்தின் அலெக்சாந்திரியா வழியே சென்ற இலைக்கு அவ்வூரின் பெயர் அமைந்தது போல, இதற்குத் 'தின்னவெல்லி சென்னா' என்னும் பெயர் நிலைத்தது. வணிகரின் பெயரை ஏடுகள் காத்தன. இலையை உருவி, நிழலில் உலர்த்தி, பழுது நீக்கிப் பொதி கட்டிய உழைப்பாளரின் பெயர்களைக் காக்கவில்லை.

இதன் ஆற்றலுக்குரிய சென்னோசைடுகளை 1941-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஆர்தர் ஸ்டோலும் அவர்தம் துணைவரும் பிரித்தெடுத்தனர். அவை மாறாமலே பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்கள் சிதைத்த பின்னரே மலமிளக்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் சென்னா இடம்பெற்றுள்ளது. இன்று இராசத்தான், கச்சு வறள் நிலங்களிலும் இது பயிராகிறது. அங்கு விளையும் இலையும் உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே அறியப்படுகிறது.

நீர் தேங்கினால் அழுகிவிடும் செடி இது. வறட்சியைக் குறையாகவே எண்ணிப் பழகிய நமக்கு, அவ்வறட்சியே ஊருக்குப் பெயர் தேடித் தந்த செய்தி பாடமாகட்டும். நெல்லை வரலாற்றை எழுதுவோர் நன்செய்க்குத் தரும் பக்கங்களுள் ஒன்றையேனும் புன்செய்க்கும் அதில் உழைத்தோர்க்கும் ஒதுக்க வேண்டும் என்பதே நம் விழைவு.