சென்னையைச் சுற்றியுள்ள பழைய துறைமுகங்கள்

சென்னை இந்தியாவின் பெரிய துறைமுக நகரங்களுள் ஒன்று. எனினும் இந்நகருக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் இவ்விடத்தைப் பெற்றபோது இது அலை மோதும் வெறும் மணற்கரையாகவே இருந்தது. நல்ல துணி மலிவாகக் கிடைத்ததே அவர் இவ்விடத்தைத் தேர்ந்ததற்கு முதன்மைக் காரணம். அப்போது இதன் வடக்கிலும் தெற்கிலும் புகழ்பெற்ற பட்டினங்கள் இருந்தன. சென்னை வளர வளர அவை தேய்ந்தன. இன்று சுற்றுலாத் தலங்களாக அறியப்படும் அவ்வூர்களை வரிசையாகப் பார்ப்பவர், சென்னை உருவான வரலாற்றையே பார்க்கிறார்.

பழவேற்காடு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது பழவேற்காடு. இங்குள்ள உவர்நீர் ஏரி, இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரியது. குளிர்காலத்தில் பூநாரைகள் இங்கு வருகின்றன. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை இங்கு எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இது 1690 வரை விளங்கியது. இங்கிருந்து பருத்தித் துணிகள் தென்கிழக்காசியாவுக்குச் சென்றன; அங்கு அவற்றைக் கொடுத்து நறுமணப் பொருள்களை வாங்கினர். துணியோடு அடிமைகளாக்கப்பட்ட மக்களும் கப்பலேற்றப்பட்டனர் என்பதை மறக்கலாகாது. கோட்டை அழிந்துவிட்டது. எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் கொண்ட நுழைவாயிலுடன் டச்சுக் கல்லறைத் தோட்டம் எஞ்சியுள்ளது.

மயிலாப்பூர், சாந்தோம்

இன்று நகரின் நடுப்பகுதியாகிவிட்ட மயிலாப்பூர், சென்னையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த ஊர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இதன் கடலோரத்தில் குடியேறிச் சாந்தோம் நகரை அமைத்தனர். 1662இல் கோல்கொண்டாப் படை அதைக் கைப்பற்றியது. பின்னர் சில ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அது, 1749இல் ஆங்கிலேயரிடம் வந்தது. போட்டியாக இருந்த பட்டினம் சென்னையின் ஒரு பேட்டையாயிற்று.

கோவளம்

தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்டு கம்பெனி வணிகம் செய்தது. பின்னர் ஆற்காடு நவாபின் கோட்டை எழுந்தது. பிரெஞ்சுக்காரர் வசம் சென்ற அக்கோட்டையை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றித் தகர்த்தார். இப்போது அங்கு கடற்கரை விடுதியே உள்ளது. தர்காவும் மாதா கோயிலும் மீனவர் குடியிருப்பும் அருகருகே இருப்பது இவ்வூரின் சிறப்பு.

மாமல்லபுரம்

கோவளத்துக்குத் தெற்கேயுள்ள மாமல்லபுரம் பல்லவர்களின் துறைமுகம். இங்குள்ள கடற்கரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் காலத்தில் கட்டப்பட்டது. கடலிலிருந்து பார்த்த ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில்கள் என்று குறிப்பிட்டனர். 1984இல் யுனெசுகோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயிலின் அடித்தளம் அகழ்ந்தெடுக்கப்பட்டது.

சதுரங்கப்பட்டினம்

கல்பாக்கத்தை அடுத்துள்ள இவ்வூரை ஐரோப்பியர் சத்ராசு என்றனர். மெல்லிய துணி நெசவுக்குப் பெயர்பெற்ற இங்கு டச்சுக்காரர்கள் செங்கற்கோட்டை கட்டினர். கோட்டையின் மதிலும் கிடங்குகளும் கல்லறைகளும் இன்றும் காணக் கிடைக்கின்றன. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலக் கடற்படையும் இவ்வூருக்கு அப்பால் கடலில் மோதின.

சென்னைத் துறைமுகமும் மெரினா மணலும்

போட்டியாளர்கள் ஓய்ந்த பின்னரும் சென்னையின் குறை தீரவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் கடலோரத் தொழிலாளர்கள் ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தனர். 1870களில் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடித்தனர்.

இக்கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கிறது. துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் கரை அரிக்கப்பட்டது. அங்கு மீனவர் குப்பங்களைக் காக்கப் பாறைகளைக் கொட்ட வேண்டியதாயிற்று. மெரினாவில் காற்று வாங்குவோர் நடக்கும் மணலில் ஒரு பங்கு, வடசென்னைக் கரைக்குச் சென்றிருக்க வேண்டியது.

இன்றைய நிலை

2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதன் வடக்கே காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் எழுந்தது. அதற்கும் வடக்கே இருப்பது பழவேற்காடு. அதன் முகத்துவாரம் மணலால் அடைபடும்போதெல்லாம் மீனவர்களின் படகுகள் கடலுக்குப் போக முடிவதில்லை. ஏரிக்குக் கடல்நீர் வரத்தும் குறைகிறது. கரை அரிப்பைப் பற்றிய அவர்களது அச்சத்துக்கு இராயபுரத்தின் வரலாறே சான்று.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் மூன்றையும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஒரே நாளில் பார்க்கலாம். பழவேற்காட்டுக்குத் தனியாக ஒரு நாள் தேவை. அங்கு செல்வோர் கல்லறைகளோடு முகத்துவாரத்தையும் பார்த்து வருதல் நன்று. முன்னது முடிந்துபோன வரலாறு. பின்னது இன்னும் முடியாதது.