தேசிய உமிழ்வை முன்கணித்தலில் இயந்திரக் கற்றல்: இந்தியத் தரவின் வழி ஓர் ஆய்வு

1. ஆய்பொருள்

மொத்த உள்நாட்டு உற்பத்தியின் உமிழ்வுச் செறிவை 2005ஆம் ஆண்டு நிலையிலிருந்து 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக 2022இல் இந்தியா உறுதியளித்தது. இத்தகைய இலக்குகள் எட்டப்படுமா என்று அறிய இயந்திரக் கற்றலை நாடும் ஆய்வுகள் பெருகியுள்ளன. எந்த வழிமுறை சிறந்தது என்ற போட்டியிலேயே அவற்றுள் பல நின்றுவிடுகின்றன. முன்கணிப்பின் தரம், கற்கக் கொடுக்கும் தரவு எப்படிப் பிறந்தது என்பதையே பெரிதும் சார்ந்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

2. தரவின் இயல்பு

2.1 அளவு

ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின்கீழ் இந்தியா அளித்த அறிக்கைகளின் கணக்காண்டுகள் 1994, 2000, 2010, 2014, 2016, 2019, 2020. இடைவெளிகூடச் சீராக இல்லை. எனவே ஆய்வாளர்கள் ஐரோப்பிய ஆணையத்தின் எட்கார் தரவுத்தளத்துக்குப் போகிறார்கள். அது 1970இல் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒரு வரிசை வீதம் ஐம்பத்துச் சொச்சம் வரிசைகள். ஆயிரக்கணக்கான அளவுருக்கள் கொண்ட நரம்பு வலையமைப்பு இவ்வளவு சிறிய பாடத்தை மனப்பாடம் செய்துவிடும்.

2.2 எண்ணின் பிறப்பு

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தேசிய உமிழ்வை யாரும் நேரடியாக அளப்பதில்லை. எரித்த நிலக்கரியின் அளவை உமிழ்வுக் காரணியால் பெருக்குகிறார்கள்; பெட்ரோலுக்கும் சிமென்ட்டுக்கும் ஏறத்தாழ இதே வழிதான். அப்படியிருக்க, நிலக்கரி நுகர்வை உள்ளீடாகக் கொடுத்து உமிழ்வைக் கேட்டால், கணினி அந்தப் பெருக்கலையே திரும்பக் கண்டுபிடிக்கிறது. பொருத்தம் 0.99 என்று வருவதில் வியப்பில்லை, பெருமையும் இல்லை. 2035இன் உமிழ்வைச் சொல்ல 2035இன் நிலக்கரி நுகர்வு வேண்டும். அதை யார் தருவார்?

காரணிகளும் மாறுகின்றன. மீத்தேனின் புவி வெப்பமாக்கும் திறன் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் இரண்டாம் மதிப்பீட்டறிக்கையில் 21, நான்காவதில் 25, ஐந்தாவதில் 28. பழைய ஆண்டுகளைத் திருத்தாமல் கோத்த தொடரில் வரைகோடு ஓரிடத்தில் துள்ளும். வயலிலும் தொழுவத்திலும் எதுவும் மாறியிராது.

3. முறையும் சோதனையும்

ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற மர வழிமுறைகள் தாம் கண்ட மதிப்புகளின் சராசரியையே விடையாகத் தருகின்றன. பயிற்சித் தரவின் உச்சத்தைத் தாண்டி ஓர் எண்ணைச் சொல்ல அவற்றால் ஆகாது. உமிழ்வு வளர்ந்துவரும் நாட்டுக்கு இது நேரடிக் குறை. மொத்தத்தை விட்டு ஆண்டு மாற்றத்தைக் கணிக்கச் செய்தால் ஓரளவு சரியாகும்.

வரிசைகளைக் குலுக்கிச் சோதிப்பது இன்னொரு பிழை. 2011ஐயும் 2013ஐயும் காட்டிவிட்டு 2012ஐக் கேட்பது முன்கணிப்பு ஆகாது. கடந்த காலத்தில் பயிற்றி, பிந்தைய ஆண்டுகளில் சோதிக்க வேண்டும். ‘இந்த ஆண்டின் வளர்ச்சியே அடுத்த ஆண்டும்’ என்னும் எளிய ஊகத்தை வெல்லாத மாதிரியை வெளியிடாமலிருப்பது நல்லது.

பொதுமுடக்க ஆண்டான 2020இல் இந்தியாவின் நிகர உமிழ்வு 243.7 கோடி டன். முந்தைய ஆண்டைவிட 7.93 விழுக்காடு குறைவு. இதைச் சொல்லும் தடயம் பழைய தொடரில் இல்லை. இதற்காக மாதிரியைக் குறைகூறவும் இயலாது.

4. பயன்படும் இடங்கள்

வரிசைகள் மிகுந்த இடத்தில் நிலைமை வேறு. 2020இன் மொத்த உமிழ்வில் சுமார் 76 விழுக்காடு ஆற்றல் துறையுடையது. மின்னுற்பத்திக்கு நாள்தோறும் கணக்கு வருகிறது. வெப்பம் ஏறினால் மின்தேவை ஏறும். தென்மேற்குப் பருவக்காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றினால் அனல் மின்சாரத்தின் தேவை அந்த அளவுக்குக் குறையும். இந்த உறவுகளைக் கற்க ஆயிரக்கணக்கான நாள்கள் உள்ளன. அதிகாரபூர்வ அறிக்கைக்குப் பல ஆண்டுகள் காத்திராமல் நடப்பு மாதத்தை மதிப்பிட இவை உதவும்.

வேளாண்மையில் பயன் இன்னும் அடிப்படையானது. நெல்வயல் மீத்தேன், நீர் தேங்கி நிற்கும் கால அளவைப் பெரிதும் பொறுத்தது. வடகிழக்குப் பருவத்தில் காவிரிப் படுகையின் சம்பா வயல்களை மேகம் மறைக்கும். ஒளிப்படச் செயற்கைக்கோளால் பயனில்லை. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவும். அதன் சமிக்ஞையிலிருந்து வெள்ளம் கட்டிய வயலையும் காயவிட்ட வயலையும் பிரித்தறிய இயந்திரக் கற்றலைப் பயிற்றலாம். இங்கே அது பெருக்கலுக்கு முன்பே, பெருக்கவேண்டிய எண்ணைச் செம்மையாக்கும் இடத்தில் நுழைகிறது.