ஒளியை முந்திய 60 நானோ நொடி

2011 செப்டம்பர். ஜெனிவா பக்கத்துல இருக்கும் செர்ன் ஆய்வகத்திலிருந்து, பூமிக்கடியில் 730 கிலோமீட்டர் கடந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்குப் போன நியூட்ரினோக்கள், ஒளியைவிட 60 நானோ நொடி முன்னாடியே வந்துட்டதா ஓபெரா குழு அறிவித்தது. ஐன்ஸ்டைன் காலின்னு பலர் குதிச்சாங்க, நானும்தான். ஒளியை முந்தினா, நேத்துக்கே மெசேஜ் அனுப்பலாமே!

ஆனா 1987லேயே ஒரு சாட்சி இருந்தது. சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்த நட்சத்திரம். அதோட நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்னாடி வந்தது உண்மை. வெடிப்புக்குள்ளேயிருந்து ஒளி வெளியே வர லேட்டாகும், அவ்வளவுதான். ஓபெரா சொன்ன அதே வேகம்னா, நாலு வருஷம் முன்னாடி வந்திருக்கணும்.

2012ல் முக்கியப் பிழை பிடிபட்டது: சரியா மாட்டாத ஒரு ஃபைபர் கேபிள். குழுத் தலைவர் எரெடிடாடோ ராஜினாமா பண்ணினார். எனக்கு அதுல வருத்தம்தான். எங்க தப்புன்னு பாருங்கன்னு உலகத்தைக் கேட்டதே அவங்கதானே?