கூலி ஒன்றே போதுமா?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு செல்பவர்கள் ஒண்டிக்கடையை அறிவார்கள். அடுத்த முறை ஏரியைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், அங்கிருந்து தோட்டங்களுக்குச் செல்லும் சாலையில் சற்று நடந்து பாருங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் அறிமுகப்படுத்திய காப்பி, இன்று சேர்வராயன் மலைச் சரிவுகளில் பரவியிருக்கிறது.

சிவக்கப் பழுத்த பழங்களை மட்டும் பொறுக்கிப் பறித்தால்தான் காப்பி தரமாக இருக்கும். ஆனால், எடைக்குத்தான் கூலி என்று வைத்துக்கொள்வோம். கிளையை ஒரே இழுப்பில் உருவினால் காயும் பழமுமாகக் கூடை விரைவில் நிரம்பும். தராசுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதானே! பறித்தவரைக் குறை சொல்வது முறையாகாது. நாம் எதை அளந்தோமோ, அதையே அவர் தந்தார்.

அப்படியானால் மனிதனை நன்கு உழைக்கத் தூண்டுவது எது? இவ்வினாவுக்கு அறிவியல் வழியில் விடை தேடிய வரலாறு சுவையானது.

டெய்லரின் கணக்கு

அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில், கூலியே தூண்டுகோல் என்றார். எஃகு ஆலையில் நாளொன்றுக்கு 12½ டன் இரும்பு சுமந்தவரை 47½ டன் சுமக்க வைத்ததாக எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்ததாம். கணக்கிட்டுப் பாருங்கள்: சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலியோ இரு மடங்குகூட இல்லை!

விளக்கொளியில் ஒரு புதிர்

1924-இல் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதித்தார்கள். வெளிச்சம் குறைந்தபோதும் உற்பத்தி உயர்ந்ததாம். 'தம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே காரணம்' என்று பாடநூல்கள் எழுதின. ஆனால் பழைய பதிவேடுகளை லெவிட், லிஸ்ட் என்ற பொருளியலறிஞர்கள் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு வேறு. வெளிச்சம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றப்பட்டிருந்தது. ஓய்வுக்குப் பின் வரும் திங்களின் விளைவு அதோடு கலந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு காரணிகளை மாற்றக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறோமல்லவா? அதே பாடம்தான்!

அகமதாபாத் தறிகள்

நம் நாட்டிலும் ஒரு புகழ்பெற்ற சோதனை நடந்தது. அகமதாபாத் காலிகோ ஆலையின் தலைவர் கௌதம் சாராபாய், விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாயின் அண்ணன். ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1953-இல் இலண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் அங்கு வந்தார். ஒரு கூடத்தில் 29 தொழிலாளர்கள் 12 வகை வேலைகளாகப் பிரிந்து நிற்பதைக் கண்டார். நெய்பவர், கண்டு மாற்றுபவர், எண்ணெய் இடுபவர், பெருக்குபவர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி எல்லை. எந்தத் தறிக்கும் 'இது எங்கள் பொறுப்பு' என்று சொல்ல ஒரு குழு இல்லை.

ஒரு சிறு குழுவிடம் சில தறிகளை முழுமையாக ஒப்படைத்தால் என்ன என்று ரைஸ் யோசனை கூறினார். தொழிலாளர்கள் அதை உடனே ஏற்று, தம் குழுக்களைத் தாமே அமைத்துக்கொண்டனர். தறிகளின் திறன் 80 சதவீதத்திலிருந்து 95-க்கு உயர்ந்தது. சேதமான துணி 32 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைந்தது.

இங்கும் எச்சரிக்கை தேவை. புதிய ஏற்பாட்டோடு கூலியும் உயர்ந்தது. உயர்வில் எவ்வளவு பங்கு எதனுடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆயினும் 1970-இல் மில்லர் என்ற ஆய்வாளர் மீண்டும் சென்று பார்த்தபோது, ஒரு கூடத்தில் குழு முறை அழியாமல் நடந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களில் அது தேய்ந்துபோயிருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பொறுப்பும் மதிப்பும் உழைப்பைச் சிறக்கச் செய்யலாம். ஆனால் அவை கூலிக்கு ஈடாகா. பாராட்டைக் கொடுத்துக் கூலியைக் குறைப்பது அறிவியல் ஆகாது. அடுத்த முறை காப்பி அருந்தும்போது, மலைச்சரிவில் நின்று பழத்தையும் காயையும் பிரித்தறிந்த அந்தக் கண்ணையும் கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவனத்தை எந்தத் தராசும் இதுவரை நிறுத்ததில்லை.