தேயா ஃபாஸின் அடுப்படி: ஓர் இழுவைப் படகு நிறுவனத்தின் முதலீடு குறித்து

அமெரிக்காவின் வடமேற்குக் கரையைச் சேர்ந்த ஃபாஸ் இழுவைப் படகு நிறுவனத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரே கதையில்தான் தொடங்கும். 1889-இல் டகோமாவில், தச்சரான கணவர் ஆண்ட்ரூ வெளியே வேலைக்குப் போயிருந்தபோது, நார்வேயிலிருந்து குடியேறிய தேயா ஃபாஸ் 5 டாலருக்கு ஒரு பழைய துடுப்புப் படகை வாங்கினார். வெள்ளையும் பச்சையும் பூசி லாபத்துக்கு விற்றார். மேலும் வாங்கி வாடகைக்கு விட்டார். இந்தக் கதையை மறுப்பதற்கில்லை. ஆனால், அதில் வளர்ச்சிக்கான காரணம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1892-இல் தாமஸ் கிரௌலியும் ஒற்றைத் துடுப்புப் படகோடுதான் இறங்கினார். நங்கூரமிட்ட கப்பலுக்கு ஆளும் சரக்கும் போய்ச் சேர வேண்டிய துறைமுகம் எதிலும் சிறு படகுக்குப் பிழைப்பு உண்டு. அப்படிப் பிழைத்தவர்களில் ஒரு சிலர் மட்டும் நிறுவனமானது எப்படி என்பதே கேள்வி.

ஃபாஸைப் பொறுத்தவரை, விடை அவர்கள் வீட்டில் இருக்கிறது என்பது என் வாதம். இழுவைப் படகுக்கு வருமானம் கூப்பிட்டவுடன் புறப்படுவதில்தான். தொலைபேசி அரிதாயிருந்த அக்காலத்தில், மாலுமிகள் ஊருக்குள் சிதறிக் கிடந்தால் வேலை பக்கத்துப் படகுக்குப் போய்விடும். ஃபாஸ் குடும்பம் நீரோரத்திலேயே குடியிருந்தது. வேலையாட்களும் அங்கேயே தங்கினார்கள், தேயா சமைத்ததைச் சாப்பிட்டார்கள். ‘எப்போதும் தயார்’ என்ற நிறுவனத்தின் முழக்கத்தை வெறும் விளம்பரமாகப் படிப்பது தவறு. அந்தத் தயார்நிலைக்கு ஒரு பெண்ணின் கூலியில்லா உழைப்பு அடித்தளம். கணக்கேட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

டகோமா அமைந்த ப்யூஜெட் சவுண்ட் கடற்கழியின் மரத்தொழில் இந்த ஏற்பாட்டுக்கு வாகாக அமைந்தது. வெட்டிய மரங்களைத் தெப்பமாகப் பிணைத்து ஆலைகளுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுவையில் ஆள் நடக்கும் வேகம்கூட இராது. எதிர்நீரோட்டத்தில் தெப்பம் நகராது. டகோமா நெரோஸ் போன்ற குறுகிய வழிகளில் நீர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். பொழுது பாராத வேலை இது. ஆட்கள் படகை ஒட்டியே வாழ்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

பின்னாளில் வந்த புகழ் தேயாவின் இந்த வீட்டு உழைப்பை மறைத்துவிட்டது. நார்மன் ரெய்லி ரெயின் எழுதிய ‘டக்போட் ஆனி’ கதைகளுக்கும் 1933-இல் வந்த திரைப்படத்துக்கும் தேயாவே தூண்டுதல் என்பார்கள். ஆனி படகோட்டும் முரட்டுத் தலைவி. தேயாவோ கரையில் நின்று தொழிலை நடத்தியவர். சுக்கான் பிடித்தால்தான் பெண்ணின் கடலோர உழைப்பு கண்ணில் படும் போலும்.

இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. 1920-ஐ ஒட்டி, மகன்களின் காலத்தில், நிறுவனம் சியாட்டிலுக்குப் பரவியது அங்கிருந்த ரௌஸ் நிறுவனத்தை வாங்கித்தான். இரண்டு துறைமுகங்களுக்கு ஒரே வீட்டு அடுப்பு போதாது. தேயா 1927-இல் காலமானார். குடும்பத்தின் கையிலிருந்து நிறுவனம் 1969-இல் டில்லிங்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அதற்குள் மாலுமிகளின் சோறும் படுக்கையும் சம்பளப் பட்டியலுக்குள் வந்துவிட்டிருந்தன.