நம்பிக்கை மையத்துக்கு வராத ஆண்கள்: தமிழ்நாட்டில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களின் பாலியல் நலம்

எச்ஐவி தடுப்பில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள்தாம் இந்தியாவில் இத்தொற்று இருப்பதை முதன்முதலில் உறுதிப்படுத்தின. 1994-இல் இங்கு அமைந்த மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. ஆனால் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்காக உருவான சேவை தொற்றைத் தேடிக் கண்டறிவதோடு நின்றுவிட்டது. அந்த ஆணின் பாலியல் நலம் முழுவதையும் பொறுப்பேற்கும் மருத்துவச் சேவையாக அது வளர்ந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்போதுள்ள சேவையின் வடிவத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. பூங்கா, கடற்கரை, பேருந்து நிலையம் என ஆண்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடங்களுக்குச் சென்று, அவர்களுள் ஒருவரே ஆணுறையும் மசகும் கொடுத்து, பேசிப் பழகி, பரிசோதனைக்கு அழைத்துவருவார். இலக்குசார் தலையீடு என்று அரசு குறிப்பிடும் இம்முறையைத் தாங்கி நின்றவர்கள் பெண்மைச் சாயலுள்ள ஆண்களான கோத்திகளும் அவர்களுடைய நட்பு வட்டங்களும். இத்தகைய உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு தலைக்கு மேல் தொங்கிய காலத்தில், காவலரின் தடியடிக்கும் கைதுக்கும் இடையே அவர்கள் செய்த பணி அது. 2001 ஜூலையில் லக்னோவில் தடுப்புப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த விழிப்புணர்வு வெளியீடுகளே அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின. அதே ஆண்டில் எச்ஐவி தடுப்பில் ஈடுபட்டிருந்த நாஸ் அறக்கட்டளை அப்பிரிவை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடியபோது, பாலியல் நலமும் பாலியல் உரிமையும் ஒரே வழக்காகின. அந்த வழக்கில் உள்துறை 377-ஐக் காக்க வாதிட, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமோ அப்பிரிவு தடுப்புப் பணிக்கு இடையூறு என்று சொன்னது. ஓர் அரசு தன் குடிமக்களைப் பற்றி ஒரே நீதிமன்றத்தில் இருவேறு குரலில் பேசிய அரிய தருணம் அது.

2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோரின் உறவை 377-இன் பிடியிலிருந்து விடுவித்தது. நான்கு நாள் கழித்து, ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதையும் தடைசெய்யும் எச்ஐவி சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இவ்வளவு மாறியும் தொற்றுச் சுமை நீங்கவில்லை. 2021-இன் தேசியக் கண்காணிப்பில் இந்த ஆண்களிடையே தொற்று 3 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. நாட்டின் வயதுவந்தோரிடையே அது 0.2 விழுக்காட்டளவே. இதற்கிடையே சந்திப்பு கைப்பேசிக்கு மாறிவிட்டது. பூங்காவுக்கே வராத கணினிப் பொறியாளரையும், மணமாகிப் பிள்ளை பெற்ற கடைக்காரரையும் களப்பணியாளர் எங்கே போய்த் தேடுவார்? தம்மை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்ளாத ஆண்கள் இவர்கள்.

அப்படி ஒருவர் துணிந்து அரசு மருத்துவமனைக்கு வருவதாகக் கொள்வோம். நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை நடக்கும். பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையம். அங்கே சிகிச்சை பெரிதும் அறிகுறியைச் சார்ந்தது: ஒழுக்கு இருந்தால் சாம்பல் நிறப் பொட்டலம், புண் இருந்தால் வேறு நிறப் பொட்டலம். ஆய்வகம் இல்லாத ஊரிலும் அன்றைக்கே மருந்து கிடைக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் ஆசனவாயிலும் தொண்டையிலும் தங்கும் கொனோரியா, கிளமிடியா தொற்றுகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. சிறுநீர்ச் சோதனையிலும் அவை சிக்கா. மலக்குடலில் அழற்சி இருந்தால் எச்ஐவி எளிதில் ஏறும். ஆக, எச்ஐவி இல்லை என்ற தாளோடு வீடு திரும்பும் ஆண், அத்தொற்றுக்கு வழிவிடும் நோயையும் உடன்கொண்டு போகக்கூடும். அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் “கல்யாணம் ஆயிடுச்சா?” என்பதே. ஆயிற்று என்றதும் பேச்சு மனைவிக்குத் தாவிவிடும். யாரோடு, எவ்வகை உறவு என்று முகம் சுளிக்காமல் கேட்க மருத்துவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழங்கிய ஆணைக்குப் பின், மருத்துவப் பாடநூல்களில் இத்தகையோரைப் பற்றிய இழிசொற்களை நீக்கத் தேசிய மருத்துவ ஆணையம் முன்வந்தது. நீக்கிய இடத்தில் பரிசோதிக்கும் முறையை எழுதுவதுதான் கடினமான வேலை. எனக்கு அதுவே முதன்மையானதாகத் தோன்றுகிறது.

எச்ஐவி முன்தடுப்பு மாத்திரையான பிரெப்பின் கதையும் முழுமையான சேவையின் தேவையையே காட்டுகிறது. 2015-இல் வெளியான பிரிட்டனின் பிரவுட் ஆய்வில் அது தொற்றை 86 விழுக்காடு குறைத்தது. அங்குள்ள அரசு மருத்துவச் சேவை அதை வழங்கத் தயங்கியபோது, லண்டன் ஆண்கள் இந்திய நிறுவனங்கள் தயாரித்த மாத்திரையை இணையத்தில் வாங்கினர். சோஹோவிலுள்ள 56 டீன் ஸ்ட்ரீட் மருத்துவமனை அவர்களைக் கண்டிக்கவில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துக் கொடுத்தது. அடிக்கடி பரிசோதனை, உடனடிச் சிகிச்சை, பிரெப் மூன்றும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்தன. 2015-க்கும் 2016-க்கும் இடையில் அங்கே புதிய தொற்றுகள் ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தன. மாத்திரை மட்டும் தனியே இதைச் செய்திருக்காது. அம்மாத்திரையைத் தயாரித்த நாட்டில் பிரெப்புக்கான தேசிய வழிகாட்டுதல் 2022-இல்தான் வந்தது. மாவட்டத்தில் வாழும் ஓர் ஆணுக்கு அது இன்றும் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் மருந்தே. நம் கைக்குள் இருப்பதை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருப்பதை நான் அநீதி என்றே சொல்வேன்.

பொது மருத்துவமனைக்குள் இச்சேவையைக் கொண்டுவந்தால் இந்த ஆண்களின் சமூகமே நடத்தும் மையங்களின் அரவணைப்பு போய்விடும் என்பது களத்திலிருந்து வரும் மறுப்பு. அது வெற்று அச்சமன்று. சிறு நகரத்தில் வெளிநோயாளர் வரிசையில் நிற்பவரை ஊர்க்காரர் பார்த்துவிடுவார். செவிலியர் உறவினராக இருப்பார். ஆகவே சமூக மையங்களை மூடச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு அனுபவமுள்ள களப்பணியாளர்களை மதிப்பூதியத்தில் தேய விடாமல், மருத்துவமனைக்குள்ளேயே முறையான ஊதியத்தோடு அமர்த்த வேண்டும் என்கிறேன். பால்வினை நோய், மஞ்சள் காமாலை, மனநலம் என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் வரும் அறையில் யார் எதற்கு வந்தார் என்று எவருக்கும் தெரியாது.

இதில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர்கள் மனைவியர். கருவுற்ற பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எச்ஐவி பரிசோதனை நடக்கிறது. கணவரைத் தேடிச் செல்ல அப்படி ஒரு வழக்கமான தருணம் அமைப்பில் இல்லை. அதனால் அவருடைய தொற்று அவளுடைய தாளில் முதலில் தெரியவரும் வீடுகள் உண்டு. கொண்டுவந்தவள் அவள்தான் என்ற பழியும் அவள்மேலேயே விழும். எச்ஐவிக்கான கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின்வழி தொற்று பரவாது என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தி. மணமான இருபாலீர்ப்பு ஆணிடம் ஆலோசகர் இதை முதல் சந்திப்பிலேயே, பரிசோதனைக்கு முன்பே சொல்ல வேண்டும். மனைவியிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அவரோடு அமர்ந்து திட்டமிடுவதும் அந்த ஆலோசகரின் பணிப்பட்டியலில் எழுதப்பட வேண்டும்.